நீல விளக்கும் ஒரு கடைவாய்ப்பல்லும்

பல் டாக்டர் என்றால் வெள்ளைக் கோட்டும் பளிச்சென்ற சிரிப்பும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. எனக்கு நினைவுக்கு வருவது நாற்றம். வெற்றிலை, பீடி, காலையில் தின்ற வெங்காயச் சட்னி, இவை எல்லாவற்றுக்கும் அடியில் அழுகிய பல்லின் வாடை. மீமிசலில் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்து மாடியில் கிளினிக் போட்டு, இத்தனை வருடமாக அந்த வாடைக்கு நேராக மூக்கை நீட்டித்தான் என் குடும்பம் சோறு தின்கிறது. முகக்கவசத்துக்குப் பின்னால் நான் என்ன முகம் காட்டுகிறேன் என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. தெரிந்தால் பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள்.

அருவருப்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என்னிடம் உதவியாளராக இருக்கும் அம்மாள் ஒருநாள் அவசரத்தில் ஒரு பெரியவரின் பல்செட்டை நான் டீ குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் போட்டு வைத்துவிட்டார். நான் சத்தம் போட்டதும் டம்ளரைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, கருவிகளை வேகவைக்கும் இயந்திரத்திலேயே போட்டு எடுத்துக் கொண்டுவந்து நீட்டினார்.

"இப்ப ஒங்க ஊசியை விட சுத்தம் டாக்டர்" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. அந்த டம்ளரில் ஒரு கிருமி கூட உயிரோடு இருந்திருக்காது. நான் அதைக் குப்பைக் கூடையில் போட்டேன். அன்றிலிருந்து காகிதக் கப்பில்தான் டீ குடிக்கிறேன்.

நாற்றத்தைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது வேறொன்று. இந்தக் கடற்கரை ஊர்களில் வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் விசா வந்ததும் செய்கிற காரியங்களில் பல் பிடுங்குவதும் ஒன்று. பெட்டி கட்டுவார்கள், சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவார்கள், வலிக்கிற பல் ஒன்று இருந்தால் அதையும் எடுத்துவிட்டு விமானம் ஏறுவார்கள். அங்கே போய் வலி வந்தால் லீவு கிடைக்காது, பார்க்க ஆளும் இல்லை என்பது அவர்கள் கணக்கு. காப்பாற்றக்கூடிய பல்லாயிற்றே என்று நான் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி விளக்குவேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அதெல்லாம் சரிங்க டாக்டர், புடுங்கி விட்ருங்க" என்பார்கள். நல்ல வேர், நல்ல எலும்பு, கொஞ்சம் சொத்தை, அவ்வளவுதான். குறடைப் போட்டு நான் ஆட்டும்போது அந்தப் பல் வரமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி என் மணிக்கட்டில் தெரியும். அப்படிப் பிடுங்கிய நாட்களில் எனக்கு என் கையே பிடிக்காது.

அந்த எரிச்சலில்தான் காத்திருக்கும் அறையில் கடல்நீர்த் தொட்டி வைத்தேன். எதையாவது ஒன்றைப் பிடுங்காமல் உயிரோடு வைத்துக் காட்டவேண்டும் என்று வீம்பு. கல் பவளத்தை நம் நாட்டில் வைத்துக்கொண்டால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் வைத்தது தோல் பவளம். கல் கட்டாதது, தொட்டால் ஈரத் தோல் போல இருக்கும். வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்து சென்னைக் கடைக்கு வந்ததை, பெருவிரல் அளவில் ஒரு துண்டு வாங்கி வந்தேன். அது காளான் மாதிரி குடை விரித்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்தது. குடை முழுக்கச் சின்னச் சின்னப் பூக்கள் நிற்கும். பூ என்று சொல்வது மரியாதைக்குத்தான். ஒவ்வொன்றும் ஒரு வாய். சுற்றி எட்டு விரல், நடுவில் வாய். தின்பதும் அந்த வழியாகத்தான், கழிப்பதும் அந்த வழியாகத்தான். வாய்களிடமிருந்து தப்பிக்க நினைத்தவன் ஒரு தட்டு நிறைய வாய்களை வாங்கி வந்திருக்கிறேன் என்று என் மனைவி சிரித்தாள். வீட்டுக்குள் மட்டும் அதைக் கொண்டுவரக் கூடாது என்று அப்போதே சொல்லிவிட்டாள்.

ஊரும் சிரித்தது. ஜன்னலைத் திறந்தால் கடல். நான் பாக்கெட் உப்பு வாங்கி, சுத்திகரித்த தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தேன். "கடலு அங்கிட்டுக் கெடக்கு டாக்டர், ரெண்டு கொடம் மோந்துட்டு வரச் சொன்னா வரமாட்டாங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. கரையோரத் தண்ணீரில் படகு டீசலும் மீன் கழுவிய சாக்கடையும் கலந்திருப்பதை இவர்களுக்கு எப்படிச் சொல்வது? அதில் காலை நனைத்துவிட்டு நேராக என் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் சொல்லிப் பயனில்லை. நான் உப்பைக் கரைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

தொட்டியின் உயிர் தண்ணீரில் பாதி, விளக்கில் பாதி. பவளத்தின் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசிதான் வெளிச்சத்தைத் தின்று பவளத்துக்குச் சோறு போடுகிறது. அதிலும் குறிப்பாக ஒரு நீல வெளிச்சம். அதற்கென்றே செய்த விளக்கு ஒன்று தொட்டிக்கு மேல் தொங்கியது. ஒருநாள் காலையில் நான் மாடியேறி வந்தபோது அது எரியவில்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே உப்புக் காற்று புகுந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. நாள்பட்ட பற்காரை மாதிரியே இருந்தது. அதைச் சுரண்டிய என் விரல் நாள் முழுக்கக் கூசியது.

விற்ற கடைக்குப் போன் செய்தேன். "வீடியோ எடுத்து அனுப்புங்க சார்" என்றார்கள். எரியாத விளக்கை வீடியோ எடுத்து அனுப்பினேன். எரியவில்லை என்பது வீடியோவில் தெளிவாக இல்லையாம், மறுபடி எடுக்கச் சொன்னார்கள். கடைசியில் புது விளக்கு வெளியூரிலிருந்து வரவேண்டும், இரண்டு வாரமாகலாம், கூடவும் ஆகலாம் என்றார்கள். கல்யாண மண்டபங்களுக்கு விளக்கு அலங்காரம் செய்கிற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். நான் அலைநீளத்தைப் பற்றி அரை மணி நேரம் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பந்தலில் தொங்கவிடும் நீல பல்பு இரண்டைக் கொண்டுவந்து மாட்டினார்.

"நீலம் கேட்டீங்க, நீலம் மாட்டியாச்சு" என்றார்.

அந்த வெளிச்சத்தில் பவளத்துக்கு ஒரு பருக்கைகூடக் கிடைக்கவில்லை. காத்திருந்த நோயாளிகள் மட்டும் பிணம் மாதிரித் தெரிந்தார்கள். சாயங்காலமே கழற்றச் சொன்னேன்.

இரண்டு மூன்று நாள் இருட்டைப் பவளம் தாங்கும். அதற்குப் பிறகுதான் வேலையைக் காட்டியது. பூக்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு குடையை மடக்கியது. மேலே மெழுகு போல ஒரு படலம் கட்டியது. படலம் பிய்ந்து கிழிந்த தோலாகத் தண்ணீரில் ஆடியது. தோல் பவளம் சுகமாக இருக்கும்போதே அவ்வப்போது அப்படிச் சட்டை உரிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இது உரிக்கிறதா அழுகுகிறதா என்று தெரியவில்லை. கூடவே தொட்டியில் இருந்த ஒரு நத்தை செத்தது. செத்த கடல் நத்தையின் நாற்றத்தை முகர்ந்தவர்கள் என் தொழிலை ஒரு நாளும் குறை சொல்ல மாட்டார்கள். முழங்கை வரை கையை விட்டு, பாறை இடுக்கிலிருந்து அந்தக் கொழகொழப்பை வழித்தெடுத்தேன். மதியச் சோறு இறங்கவில்லை.

உதவியாளர் அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவருகில் நின்றார்.

"எதுக்கு டாக்டர் இந்தப் பாடு? செத்ததுதானே, எடுத்துப் போட்ருங்க" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பிடுங்கிவிடுங்க என்று நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவர்களின் அதே குரல், அதே சுலபம். "ஒங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் அதுதானேம்மா" என்றேன். அவர் முகம் வாடிப்போனது. அது சாகவில்லை, நான் சாகவிடவும் போவதில்லை என்று சத்தமாகவே சொன்னேன். காத்திருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கிளினிக்கின் கிழக்கு ஜன்னலை நான் திறப்பதே இல்லை. பின்பக்கம் கருவாடு காயப்போடும் மணல்திட்டு. இப்போது வேறு வழியில்லை, காலை வெயில் அந்தப் பக்கம்தான். ஜன்னலைத் திறந்தேன். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, அம்மாளும் நானுமாகத் தொட்டியைப் பிடித்து நகர்த்தினோம். இருட்டில் கிடந்ததற்குச் சட்டென்று முழு வெயிலைக் காட்டினால் வெந்துவிடும் என்பதால் என் வெள்ளை வேட்டி ஒன்றை நான்காக மடித்து ஜன்னலில் கட்டினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மடிப்பைப் பிரித்தேன். தண்ணீர் சூடாகாமல் இருக்க மேசை விசிறியை அதன் மேல் ஓடவிட்டேன். விசிறி கருவாட்டு வாடையை அள்ளி அறை முழுக்கப் பரிமாறியது. நான் முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டேன். உட்கார்ந்திருந்த ஒருவர் கன்னம் வீங்கிய நிலையிலும் மூக்கை உறிஞ்சி, "வாளைக் கருவாடு, நல்ல பதம்" என்றார். நாக்கைச் சப்புக்கொட்டவும் செய்தார்.

இதற்கு நடுவில்தான் கோட்டைப்பட்டினத்துக்கார இளைஞன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். அண்ணன் குவைத்தில் ஒரு கடையில் இவனுக்கு வேலை பார்த்துக் கொடுத்திருந்தார், இவன் புறப்படத் தயாராக இருந்தான். கீழ்க் கடைவாய்ப்பல்லில் சொத்தை நரம்பு வரை போயிருந்தது. முதல் நாள் அவனும் அதையேதான் சொன்னான்.

"புடுங்கி விட்ருங்க டாக்டர். போற எடத்துல மல்லுக்கட்ட முடியாது."

தொட்டி இருண்டு கிடந்த வாரம் அது. நான் ஒரே பிடியாக நின்றேன். முடியாது, பிடுங்க மாட்டேன் என்றேன். இருபத்தைந்து வயதில் ஒரு கடைவாய்ப்பல்லைத் தூக்கி எறிந்தால் எதிர்ப்பல் இறங்கும், பக்கத்துப் பல் சாயும், நாற்பதில் மெல்ல முடியாமல் அவன் படப்போகும் பாட்டை நடித்தே காட்டினேன். அவன் சிரித்துவிட்டான். எக்ஸ்ரேயைக் கையில் வாங்கி நன்றாகப் பார்த்தான். "இம்புட்டு வேரா இருக்கு இதுக்கு?" என்று கேட்டான். பிறகு, "சரி டாக்டர், ஒங்க இஷ்டம்" என்று வாயைத் திறந்தான். வெளிநாடு போகிறவர்களில் என் பேச்சுக்கு வாயைத் திறந்த முதல் ஆள் அவன். அன்றைக்கு நான் முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டே வேலை செய்தேன்.

நரம்பை எடுத்து, வேரைச் சுத்தம் செய்து, அடைத்து, மேலே தற்காலிகப் பூச்சு வைத்து அனுப்பினேன். வலி போய்விட்டது. பயணத்துக்கு முன் ஒரு தடவை வந்தால் போதும். நிரந்தரப் பூச்சு வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கிவிட்டால் அந்தப் பல் அவனோடு பல காலம் இருக்கும்.

அந்த நீல விளக்குதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பல்லில் வைக்கும் பூச்சு இறுகுவதற்கு நாங்கள் ஒரு பேனா மாதிரியான விளக்கைக் காட்டுவோம். பாசி தின்னும் அதே நீலம். இது என் மண்டையில் உறைத்ததும் ஒரு கணம் பெரிய விஞ்ஞானியாகிவிட்டேன். ஓய்வு கொடுத்து மேசை டிராயரில் போட்டிருந்த பழைய விளக்கை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு மேல் நின்றேன். அது ஒரு காலணா அளவுக்குத்தான் வெளிச்சம் போடும், இருபது விநாடியில் பீப் என்று அணைந்துவிடும். ஒரு சாப்பாட்டுத் தட்டுக்கு அப்படிச் சோறு ஊட்டினால் விடிந்துவிடும். படித்தவனின் மடத்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டு நிறுத்தப் போனேன். அப்போது கண் கூசாமலிருக்க மாட்டியிருந்த ஆரஞ்சுக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தேன்.

பழுப்புத் தோலாகச் சுருண்டு கிடந்த பவளம் விளக்கு பட்ட இடத்தில் பச்சையாக எரிந்தது. நாற்று நட்ட வயலில் காலையில் தெரியுமே, அந்தப் பச்சை. உயிருள்ள தசைதான் அப்படி மின்னும். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் மின்னவில்லை, அது செத்திருந்தது. மற்றதெல்லாம் மின்னியது. அழுகவில்லை, சட்டைதான் உரிக்கிறது. செத்த ஓரத்தை மட்டும் கத்தியால் அறுத்து எறிந்தேன். அதற்குப் பிறகு தினமும் கிளினிக்கைத் திறந்ததும் அந்தப் பழைய விளக்கையும் ஆரஞ்சுக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போய் உயிர் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

அப்படி ஒரு காலையில் கோட்டைப்பட்டினத்துக்காரன் மாடியேறி வந்தான். கடைசிப் பூச்சுக்கு வந்திருந்தான், இரண்டு நாளில் பயணம். நான் இருந்த சந்தோஷத்தில் அவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தொட்டியருகில் நிறுத்தினேன். ஆரஞ்சுக் கண்ணாடியை அவன் மூக்கில் மாட்டினேன். தண்ணீருக்கு மேல் விளக்கைப் பிடித்து அழுத்தினேன்.

"பாத்தியா? எல்லாரும் செத்துச்சு, தூக்கிப் போடுன்னாங்க. எப்புடி எரியுது பாரு" என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். "நல்லாருக்கு டாக்டர்" என்றான். அவன் பச்சையைத்தான் பார்க்கிறான் என்று நான் நினைத்தேன். உரிந்த தோல் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்ததும், மேலே நுரை மிதந்ததும், பாறையில் புழு நெளிந்ததும் எனக்குக் கண்ணில் படாமல் போயிருந்தன.

நாற்காலியில் சாய்ந்தான். தற்காலிகப் பூச்சை எடுத்துவிட்டு, பல்லைக் காயவைத்து நிரந்தரப் பூச்சு வைத்தேன். பல்லுக்கான புது விளக்கை எடுத்து, புது பிளாஸ்டிக் உறையை அவன் கண் முன்னாலேயே மாட்டி, வாய்க்குக் கொண்டுபோனேன். அவன் உதட்டை மூடிவிட்டான்.

"டாக்டர், அந்த லைட்டா?"

"இல்லப்பா. அது பழசு, டிராயர்ல கெடக்கும். இது வேற."

"ஒண்ணு போலத்தான் இருக்கு."

நான் எழுந்துபோய்ப் பழையதை எடுத்துவந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை, ஒரே அளவு. காட்டியிருக்கவே கூடாது. பழையதன் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கியது. அவன் கண் அந்தச் சொட்டைவிட்டு நகரவில்லை.

"தண்ணியில தொட்டதே இல்லப்பா, மேல பிடிச்சதுதான். அது தெறிச்சது" என்றேன். என் குரல் எனக்கே திருட்டுக் குரலாகக் கேட்டது.

"ஒங்க மேல ஒண்ணும் இல்ல டாக்டர். வாயைத் தொறக்க வரமாட்டேங்குது."

எழுந்து உட்கார்ந்து நாற்காலிப் பக்கத்துக் கிண்ணத்தில் துப்பினான். இறுகாத பூச்சும் எச்சிலோடு போனது. விளக்கே வேண்டாம், தானாக இறுகும் சிமெண்ட் இருக்கிறது, அதை வைக்கிறேன் என்றேன். அவன் கையை வாய்மேல் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வாந்தியை அடக்குகிறான் என்று தெரிந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. உன் வாயில் நான் கண்டதைவிடவா என் தொட்டியில் கண்டுவிட்டாய் என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது குப்பைக் கூடையில் கிடந்த எவர்சில்வர் டம்ளர் நினைவுக்கு வந்தது. கேட்கவில்லை.

"நாளைக்கு வாரேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனான். மறுநாள் வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை.

நான் ஜன்னலில் வேட்டியின் கடைசி மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் உதவியாளர் அம்மாள் வந்து நின்றார். அவருடைய தங்கை கோட்டைப்பட்டினத்தில் அந்தப் பையன் வீட்டுத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

"அந்தப் பையன் போயிட்டானாம் டாக்டர்" என்றார். கொஞ்சம் தயங்கினார். "போற வழியில அறந்தாங்கியில எறங்கி, பல்லைப் புடுங்கிட்டுத்தான் போனானாம். ஓட்டைப் பல்லோட அங்கிட்டுப் போயி என்ன செய்யிறதுன்னு வீட்ல சொன்னாங்களாம்."

வலி போன பல். வேர் அடைத்து முடித்த பல். அதைப் பிடுங்கியவர் கையில் அது வரமாட்டேன் என்று பிடித்திருக்கும்.

"வர ஆளுங்க எல்லாம் கேக்குறாங்க டாக்டர், மீன் தொட்டியில விடுற லைட்டைத்தான் வாயில விடுறாரான்னு" என்றார் அம்மாள். "நான் இல்லைன்னுதான் சொல்றேன்."

"அவங்க நம்புறாங்களாம்மா?"

அவர் பின்னால் திரும்பி அறையைப் பார்த்தார். நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஆள் ஒருவரும் இல்லை.

இரண்டு விளக்குகளையும் அன்றைக்கே கட்டி வைத்துவிட்டு, கைப்பிடி வேறு நிறத்தில் உள்ள பல் விளக்கு ஒன்றுக்குச் சொல்லி அனுப்பினேன். ரோஜா நிறம்தான் உடனே கிடைக்கும் என்றார்கள், சரி என்றேன். தொட்டி விளக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதற்கு இனி அவசரமும் இல்லை. முழு வெயில் வேட்டியில்லாத ஜன்னல் வழியாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. கருவாட்டு வாடை அடித்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அறுத்த ஓரம் ஆறியிருந்தது, குடை விரிந்திருந்தது, இத்தனை நாள் உள்ளே இழுத்து வைத்திருந்த பூக்கள் எல்லாம் வெளியே வந்திருந்தன. ஒவ்வொன்றும் எட்டு விரலை விரித்து, நூற்றுக்கணக்கான வாய்கள் என் முன்னால் ஆவென்று திறந்திருந்தன. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எனக்குத் திறக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு வாய்தான்.